வெறும் எடை

கண்ணாடி மாட்டிவிட்டேன்.
அவருக்கு உலகம் கரும்பச்சை ஆனது.
வாயைத் திறங்கள் என்றேன்.

மேலண்ணத்தில் தபால்தலை அளவுக்குத் தோல் இல்லை.
முந்தாநாள் டாக்டர் அதைச் சீவியெடுத்து
கீழே, ஈறு இறங்கி வெளியே தெரிந்த பல்வேரின் மேல்
ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தார்.
ஒரே வாய்க்குள் வாங்கிய கடன்.
வாங்கிய இடம் மரத்துக் கிடக்கும்.
கொடுத்த இடம்தான் எரியும்,
காப்பி ஆறிய பிறகும்.

அரரக்குவாராவைச்
சூரியன் குடியிருக்கும் ஊர் என்பார்கள்.
அந்த ஊரில் என் கையில்
அரிசிமணி அளவு சிவப்பு வெளிச்சத்தைக் கொடுத்து
சிலர் வாயில் ஏற்று, சிலர் வாயில் ஏற்றாதே,
யார் யார் என்று மூச்சுவிடாதே
என்றார்கள். ஆய்வு.
உறைக்குள் எண்கள்.
ஒட்டாசீலியு, பதினேழு:
எரியக்கூடாது.

கருவி ஒருமுறை கூவும்.
நுனி புண்ணின் அருகே நிற்கும்.
நாற்பது வினாடி. மறுபடி கூவும்.
அணைந்த விளக்கை
எரிகிற விளக்கைப் போலவே பிடிக்க
கை ஒரு வாரத்தில் பழகிவிட்டது.
முகம் பழகவில்லை.
முகமூடி காப்பாற்றியது.

"வெதுவெதுப்பா இருக்கு, ஸொரைஜி."

நான் பொய் சொல்லவில்லை.
வாயே திறக்கவில்லை நான்.
திறந்து கிடந்தது அவர் வாய்.

ஜூஸ் ஆலை வாசலில் எடைமேடை அவருடையது.
இருபத்திரண்டு வருடமாக ஆரஞ்சு லாரிகள்
அவர் கையசைப்பில் ஏறி, இறங்கிப் போகின்றன.
வலியைக் குறிக்கச் சொல்லிக் காகிதத்தை நீட்டினால்
மற்றவர்கள் கோட்டில் எங்கோ கிறுக்குவார்கள்.
அவர் கேட்டார்:
பேனா முனையின் கனம் எந்தப் பக்கம் சேரும்?

முதல் நாள் ஏழரை.
மூன்றாம் நாள் ஐந்து.
ஏழாம் நாள் ஒன்றேகால்.

பதினெட்டாம் எண் ஜாந்திரா, பள்ளிக்கூடச் சமையல்காரி.
வெளிச்சம் நிஜமாகவே போன வாய் அது.
எட்டைவிட்டு இறங்கவே இல்லை.
மூன்றாம் நாளே வேலைக்குப் போய்
முந்நூறு பிள்ளைகளின் சூப்பை
உப்பு பார்த்திருக்கிறாள்.

நாளை என்பதற்கு எங்கள் சொல் அமஞா.
நடுவில் நாக்கு எழுந்து
அண்ணத்தை முழுசாகத் தழுவினால்தான் வரும்.
தழுவும் இடத்தில் தையல்.
அதனால் அந்த இரண்டு வாரமும்
கிளம்பும்போது அவர் நாளை என்று சொல்லவில்லை.
அடுத்த லாரியைக் கூப்பிடுவதுபோல
கையை முன்னால் வீசிவிட்டுப் போவார்.

ஐந்து மாதம் கழித்து உறைகளைப் பிரித்தோம்.
கடிதம் போதும் என்றார்கள்.
அவர் நேரில் வந்தார்.
நாற்காலியில் பாதி மட்டும் உட்கார்ந்தார்.

எரியவில்லை, ஒரு நாளும், என்றேன்.

கூரையை அண்ணாந்து பார்த்தார்,
அங்கே யாரோ எண் எழுதி வைத்ததுபோல.

"பழத்தோட ஒருமுறை ஏத்துவோம்.
கொட்டிட்டு வெறுமையா ஒருமுறை.
கழிச்சாத்தானே பழம் எவ்வளவுன்னு தெரியும்.
அப்போ நான்
வெறும் லாரி."

சிரித்தார்.
புண் இருந்த இடம் இளஞ்சிவப்பாய், வழுவழுப்பாய்,
எது என்று சொல்ல முடியாதபடி.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு,
"வெறும் லாரிக்கும் எடை உண்டும்மா.
பதினாறு டன்.
ஏழரையிலிருந்து ஒன்றேகால் வரைக்கும்
இறக்கினது யாரு?"

என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
என் கை, அந்தக் கூவல், நாற்பது வினாடி,
அவர் சதையே அவர் சதையைத் தேடி வளர்ந்தது.
எதை எங்கே எழுத?

வாசலில் ஒருத்தி
கடைசி பஸ் போய்விட்டதா, அடுத்தது எப்போது
என்று அவரைக் கேட்டது ஜன்னல் வழியாக விழுந்தது.

"அமஞா" என்றார்.

நாக்கு முழுசாகப் பட்டது.